நாலு சில்லும் இழுக்கும் லொறியை என் தலையில் விட்டுப் போனவருக்கு

என் அன்புக்கும் என் தலையிடிக்கும் ஒரேயளவு உரித்துடைய மரியதாஸ் அவர்களுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. ஆண்டுப் பூசை கொடுத்தாயிற்று. கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. உங்கள் உடுப்பு, சேட்டுகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. முற்றத்தில் நிற்கும் லொறியைத்தான் என்ன செய்வதென்று போன கிழமை வரை தெரியாமல் நின்றேன்.

இந்தக் கடிதத்தைக் கோயில் மலரில் அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். ஊரே வாசிக்கட்டும். உயிரோடு இருந்தபோது நான் நேரே சொன்ன எதையும் நீங்கள் ஒரு தரத்தில் கேட்டது கிடையாது. அதையே கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வேறு யாராவது சொன்னால், வீட்டுக்கு வந்து, "இஞ்சேரும் ரீச்சர், ஒரு விஷயம் கேள்விப்பட்டனான்" என்று எனக்கே திருப்பிச் சொல்வீர்கள். ஆகவே இந்த முறை ஊர் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு மெக்கானிக்கை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். லொறியின் முன்னச்சில், முன்சக்கரங்கள் பூட்டியிருக்கும் இரும்பு அச்சில், எண்ணெய் ஒழுகியது. அந்த மனிதர் லொறிக்கு அடியில் போய்க் கால் மணித்தியாலம் மல்லாந்து கிடந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "அக்கா, இது ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"என்ரை மனிசன்."

"இது என்ன லொறி?"

"பின்பக்கம் ஒண்டு, முன்பக்கம் வேறை ஒண்டு, நடுவிலை கிடக்கிறது என்னெண்டு அவருக்குத்தான் தெரியும்."

அவர் திரும்பவும் குனிந்து லொறிக்கு அடியில் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏதும் எழுதி வைச்சவரோ?" என்றார்.

எழுதி வைத்தீர்களா? ஒரு துண்டுக் கடுதாசியிலாவது? இருபத்திமூன்று வருஷம் ஒரு ரீச்சரோடு குடும்பம் நடத்தினீர்களே, வீட்டில் கொப்பிக்கும் பென்சிலுக்கும் என்ன பஞ்சம்? எந்தப் போல்ற் எங்கிருந்து வந்தது, எந்தப் பல்லுச் சில்லை எதனோடு பூட்டினீர்கள் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். இப்போது நான் யாரைக் கேட்பது?

வாசிக்கிறவர்களுக்காகத் தொடக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். நான் கரம்பொன்னில் பிறந்தவள். கணக்குப் படிப்பிக்க நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. இரண்டு வருஷத்தில் திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் வள்ளம் ஏறினேன். இறங்குதுறையில் என் பெட்டியை வாங்கி ஏற்றியது நீங்கள். "இந்தத் தீவிலை மூண்டே மூண்டு வாகனம் ரீச்சர், அதிலை ஓடுறது இது ஒண்டுதான்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். பாதி வழியில் அதுவும் நின்றது. மிச்ச வழிக்கு என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்கள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் அடுத்த வருஷமே உங்களைக் கட்டினேன்.

லொறியின் மேல் எனக்கு அப்போது ஒரு கோபமும் இல்லை. இரண்டு வத்தைப் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதில் ஏற்றித்தான் அதைக் கடல் தாண்டிக் கொண்டு வந்தீர்கள் என்று ஊரில் சொன்னார்கள். சாதாரணமான, சாமான் ஏற்றுகிற லொறி. எஞ்சின் பின்சில்லுகளை, அதாவது பின்சக்கரங்களை, மட்டும் சுழற்றும். முன்சில்லுகள் தள்ளுகிற பக்கம் உருளும். றோட்டுக்கு அது போதும். சங்கக்கடைக்கு அரிசி மூட்டை, வீடு கட்ட முருகைக்கல், வைக்கோல், சில நாட்களில் மாடு. அது உண்டு, தன் வேலை உண்டு என்று இருந்தது. மழை பொய்த்த அந்த வருஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மகள் ஜசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. மேற்குப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவராகிவிட்டன. தேத்தண்ணீர் வைத்தால் உப்புக் கரித்தது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தெற்கே மணற்திட்டியில் இருந்த கிணறுகளில் மட்டும்தான் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடந்தார்கள். கிராமசபைக்காரர் வந்து உங்களைக் கேட்டார்கள். நீங்கள் பன்னிரண்டு இரும்புப் பீப்பாக்களை லொறியில் ஏற்றினீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்று நானும் கூட வந்தேன்.

வெறுமையாகப் போகும்போது லொறி மணலை எப்படியோ கடந்துவிட்டது. விடியற்காலையில் இருந்து வாளி வாளியாக அள்ளிப் பன்னிரண்டு பீப்பாவையும் நிரப்பினோம். பிறகு நீங்கள் எஞ்சினை எடுத்தீர்கள். பின்சில்லு இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றித் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டின. அச்சு மணலில் குந்திவிட்டது. ஓலை போட்டோம், பலகை போட்டோம், சாக்குப் போட்டோம். இருபது பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அது அசையவில்லை. நிறைந்த பீப்பாவை இறக்கினால் திரும்ப ஏற்ற வழியில்லை.

கடைசியில், "ஊத்துங்கோ" என்றீர்கள்.

ஒவ்வொரு பீப்பாவாகச் சரித்து ஊற்றினோம். மணல் அதைக் குடித்த வேகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி ஓடி வந்து, ஊற்றுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு கையை ஏந்தினாள். ஒரு கையில் எவ்வளவு நிற்கும்? எட்டுப் பீப்பா போன பிறகுதான் லொறி மேலே வந்தது. நாலு பீப்பாவோடு ஊருக்குள் போனோம். வரிசையில் நின்றவர்கள் மிச்சம் எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தீர்கள்.

"முன்சில்லும் இழுக்கோணும், ரீச்சர்."

"என்ன முன்சில்லு?"

"லொறியின்ரை. யுத்தக் காலத்து ஆமி லொறிக்கு நாலு சில்லும் இழுக்கும். மணலிலை நிக்காது. அப்பிடி ஒரு முன்னச்சு கிடைச்சால் எங்கடை லொறிக்குப் பூட்டலாம்."

"நீங்கள் என்ன, மெக்கானிக்கோ?"

"இல்லை."

"அப்ப ஆர் பூட்டிறது?"

"பூட்டினால் பூட்டுப்படும்தானே."

இந்தப் பதிலை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? ஒரு உழவு இயந்திரம் தரும்படி அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்கலாமே என்றேன். "எழுதினதுதான். அனுமதிப் பேமிற் வரோணுமாம். அது வாறதுக்கிடையிலை சனம் செத்துப்போடும்" என்றீர்கள். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. ஒரு போல்ற்றுக்கே கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே அந்த ஒரு பேச்சில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருந்தது.

யாழ்ப்பாணம் போனீர்கள். போகும்போது எங்கள் சிவப்பிப் பசுவையும் வள்ளத்தில் ஏற்றினீர்கள். "மாட்டு வைத்தியரிட்டைக் காட்டிப்போட்டு வாறன்" என்று சொன்னீர்கள். ஒன்பது நாள் ஒரு தந்தி கிடையாது. பத்தாம் நாள் ஒருபக்கம் சரிந்தபடி வள்ளம் வந்தது. சிவப்பி இல்லை. அவள் நின்ற இடத்தில் துருப்பிடித்த பெரிய அச்சு ஒன்று, அதோடு இரண்டு பென்னம்பெரிய சில்லு, மசகு பிடித்த கியர்ப் பெட்டி ஒன்று.

வள்ளக்கார யோசேப்பு கரையில் கால் வைத்ததும் வைக்காததுமாக என்னிடம் வந்தார். "அக்கா, இனி உங்கடை மனிசனை என்ரை வள்ளத்திலை ஏத்தமாட்டன். நடுக்கடலிலை மூண்டு தரம் மாதாவைக் கூப்பிட்டுப்போட்டன்."

"சிவப்பி எங்கை?" என்று உங்களைக் கேட்டேன்.

"அவள் நல்ல இடத்திலை இருக்கிறாள்."

"பிள்ளைக்குப் பால்?"

"தண்ணியே இல்லை, நீர் பாலைக் கேக்கிறீர்."

அன்றைக்கு அந்த இறங்குதுறையில் வைத்தே உங்களைக் கடலில் தள்ளாமல் விட்டது என்னுடைய பொறுமை.

ஐந்து மாதம். பூவரச மரத்தடியில் முருகைக்கல்லை அடுக்கி லொறியின் முகத்தைத் தூக்கி வைத்தீர்கள். தீவில் மின்சாரம் இல்லை. இரும்பை ஒட்ட வழியில்லை. கொல்லர் கந்தையா அண்ணையின் உலையும், கையால் சுற்றித் துளையிடுகிற துறப்பணமும்தான் உங்கள் தொழிற்சாலை. லொறியின் சட்டத்தில் ஒரு துளை போட ஒரு நாள் போனது. அச்சைக் கொண்டுபோய் வைத்தால் எஞ்சினின் அடி அதன்மேல் இடித்தது. வில்லுத் தகடுகளுக்கு நடுவில் கட்டை கொடுத்து முன்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தினீர்கள். லொறி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. போகிற வருகிற எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எஞ்சினின் இழுவையைப் பின்னுக்கும் முன்னுக்கும் பிரித்துக் கொடுக்க அந்த இரண்டாவது கியர்ப் பெட்டியை நடுவில் தொங்கவிட்டீர்கள். சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் தரையை வெட்டி ஒரு இரும்பு லீவர். முன்னுக்குத் தள்ளினால் நாலு சில்லும் இழுக்கும். பின்னுக்கு எடுத்தால் பழையபடி இரண்டு. அதைப் பூட்டி முடித்த அன்றைக்கு, வாயில் ஆணியோடு சிரித்தபடி, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தீர்கள். உங்கள் காலடி எண்ணெய் முழுவதும் என் புதுச் சீமெந்து நிலத்தில். அது இன்னும் போகவில்லை, வந்து பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை நான் உங்களைக் கேட்டேன். "முன்னச்சும் பின்னச்சும் ஒரே கணக்கிலை சுத்துமோ?"

"சில்லெண்டால் சுத்தும்தானே" என்றீர்கள்.

இரண்டும் வேறு வேறு லொறியில் இருந்து வந்தவை. எனக்குச் சந்தேகம் விடவில்லை. வெண்கட்டியால் சில்லுகளிலும், அவற்றுக்கு இழுவை கொண்டுபோகும் தண்டுகளிலும் கோடு போட்டேன். கந்தையா அண்ணை தண்டைச் சுற்ற, நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். தண்டு அறுபது தரம் சுற்றினால் பின்சில்லு பத்துத் தரம் சுற்றியது. முன்சில்லு ஒன்பது தரம்தான் சுற்றியது. இரண்டாம் முறையும் எண்ணினேன். ஒன்பதுதான்.

"பின்சில்லு பத்துச் சுத்து ஓடுற நேரத்திலை முன்சில்லு ஒன்பது ஓடும். ஒண்டை ஒண்டு பிடிச்சு இழுக்கும். ஏதோ ஒண்டு முறியும்" என்றேன்.

"மணலிலை சில்லு வழுக்கும், ரீச்சர். அந்த வித்தியாசம் மணலுக்குள்ளை போயிடும்."

"கல்றோட்டிலை?"

"கல்றோட்டிலை லீவரை ஆர் போடப்போறான்? மணல் வந்தால் போடுறது, தாண்டினவுடனை எடுக்கிறது."

"சத்தியமாய்?"

"அந்தோனியார் மேலை சத்தியம்."

மணல் விஷயத்தில் நீங்கள் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அந்தோனியார் மேல் செய்த சத்தியம் எத்தனை நாள் நின்றது? நாலு நாள்.

ஓட்டிப் பார்க்கிற நாள். சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார், அதுவும் தண்ணீர் இல்லாத காலத்தில். பள்ளிக்கூடமே கோயில் வாசலில் நின்றது. நீங்கள் புதுச் சாரம் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளை மாதிரி ஏறி இருந்தீர்கள். நேரே மணற்திட்டிக்குப் போவதுதான் ஏற்பாடு. கூட்டத்தில் இருந்து ஒருவன், "மரியதாஸ் அண்ணை, முன்சில்லு மெய்யாய் இழுக்குதோ?" என்று கேட்டான்.

"இழுக்குதோவோ? இந்தா பார்" என்று லீவரைத் தள்ளினீர்கள். கல்றோட்டில். என் கண் முன்னால்.

லொறி முனகியது. இரண்டு தரம் துள்ளியது. கோயில் மூலையில் திருப்பும்போது வெடி வைத்தது போல ஒரு சத்தம். முன் தண்டின் மூட்டு உடைந்து, தண்டு கழன்று றோட்டில் விழுந்து, சனத்தை நோக்கி உருண்டது. சுவாமியார் மதிலோடு மதிலாக ஒட்டி நின்றார். ஒருவருக்கும் காயம் இல்லை. நீங்கள் இறங்கி, தண்டைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, எல்லாரையும் பார்த்துவிட்டு, கடைசியாக என்னைப் பார்த்தீர்கள்.

"ஒரு மூட்டுத்தான் ரீச்சர்."

 நான் பதினொரு நாள் உங்களோடு கதைக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் மேற்குப் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். என் கோபம் முறிந்த மூட்டைப் பற்றியதே இல்லை. அவர்கள் உங்களை நம்பி ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒரு பயலின் கேள்விக்காக அதை உடைத்துப் போட்டீர்கள். இதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றீர்கள். நிலையைச் சுரண்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "ஒன்பதையும் பத்தையும் என்னெண்டு ஒண்டாக்கிறது?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எங்கள் கலியாணத்துக்குக்கூட என்னை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் மாமாவை அனுப்பினீர்கள்.

எனக்கு விடை தெரிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. "அந்த அச்சோடை ரெண்டு பெரிய சில்லு வந்ததெல்லே, அதுகள் எங்கை?" என்றேன்.

நிலத்தைப் பார்த்தீர்கள். நாலு சில்லும் ஒரே அளவில் இருந்தால்தான் வடிவு என்று லொறியின் பழைய சில்லுகளையே துளை மாற்றி முன்னுக்கும் பூட்டியிருந்தீர்கள். பெரிய சில்லு இரண்டையும், யோசேப்பின் கோபத்தைத் தணிக்க அவருக்கே கொடுத்துவிட்டீர்கள். அவர் அவற்றை இறங்குதுறையில், வள்ளம் இடிபடாமல் இருக்கத் தொங்கவிட்டிருந்தார்.

நூலும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் பின்னால் வந்தீர்கள். லொறியின் சில்லைச் சுற்றி அளந்தால் ஒன்பது அடி. தொங்கிக்கொண்டிருந்த சில்லு பத்து அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு.

"ஒன்பதடிச் சில்லு பத்துத் தரம் சுத்தினால் எவ்வளவு தூரம்?"

"தொண்ணூறு அடி."

"பத்தடிச் சில்லு ஒன்பது தரம் சுத்தினால்?"

உங்கள் வாய் அசைந்தது.  "அட கோதாரி" என்றீர்கள்.

மெதுவாகச் சுற்றுகிற முன்னச்சுக்குப் பெரிய சில்லைப் பூட்டினால் நாலும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடும். அவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். "தந்ததைத் திருப்பிக் கேக்கிறியளோ?" என்று யோசேப்பு துள்ளினார். இனிமேல் ஒரு இரும்புத் துண்டும் அவருடைய வள்ளத்தில் ஏறாது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். மூட்டுக்கு மாற்று வரவே இன்னும் மூன்று கிழமை பிடித்தது. அதையும் பிறகு அவருடைய வள்ளத்தில்தான் ஏற்றி வந்தோம். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டு பீப்பாவும் நிறைந்தபடி லொறி மணலை விட்டு ஏறிய அந்தக் காலையில், நான் பின்னால் பீப்பாக்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். லீவரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. முன்சில்லு மணலைக் கடித்தது. ஒரு தரம் ஆடி, மெல்ல மெல்ல, நடந்து போகிற வேகத்தில் அது மேலே ஏறியது. தண்ணீர் தளம்பி என் சேலை முழுக்க நனைந்தது. சுற்றி நின்றவர்கள் நம்பாமல் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். கல்றோட்டு வந்ததும் லீவரை எடுத்தீர்கள். எடுத்துவிட்டு, பின்கண்ணாடிக்குள்ளால் நான் பார்த்தேனா என்று பார்த்தீர்கள். பார்த்தேன்.

அத்தோடு நின்றால் நீங்கள் மரியதாஸ் இல்லையே. மூன்றாம் கிழமை, ஊருக்கு வருகிற வழியில் லொறியை நிறுத்தி, ஒரு முழுப் பீப்பாவை, தீவில் ஆளில்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளுக்குக் கல்தொட்டியில் ஊற்றினீர்கள். விலா எலும்பு தெரிய அவை அங்கே நின்றது உண்மைதான். ஆனால் சனம் வரிசையில் நிற்கும்போது? பெண்கள் திரண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பு நடக்கும்போது என்னை ஏசினார்கள். "உங்கடை மனிசனுக்குக் குதிரை எங்களிலும் பெரிசோ, ரீச்சர்?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து உங்களை ஏசினேன்.

"குதிரைக்குக் குடம் இல்லை, ரீச்சர்" என்றீர்கள்.  அடுத்த நாளும் ஊற்றினீர்கள். அந்தப் பதிலுக்கு ஒரு மறுபேச்சு இவ்வளவு வருஷமாகத் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மழை வந்தது. மாரியில் வெள்ளம் நின்ற வயல் வழிகளிலும் அந்த லொறிதான் போனது. வருஷங்கள் ஓடின. சாமான்கள் திரும்ப நாட்டுக்குள் வரத் தொடங்கின. நீங்கள் ஒன்றையும் மாற்றவில்லை. "இது பழகிப்போச்சு" என்றீர்கள். நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று எத்தனை தரம் கேட்டேன்? "ஸ்ரியறிங் பாரம், உம்மாலை ஏலாது" என்பீர்கள். கணக்கு மட்டும் என்னால் ஏலும், இல்லையா?

பிறகு அந்தப் பின்னேரம். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தவர், நெஞ்சு நோகுது என்றீர்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது, மற்ற வள்ளக்காரர் ஒருவரும் கடலில் இறங்கச் சம்மதிக்கவில்லை. யோசேப்புத்தான் வந்தார். உங்களைத் தூக்கித் தன் வள்ளத்தில் கிடத்தினார். உங்கள் தலை என் மடியில். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன்.

"முன்னச்சு எண்ணெய் பாக்கோணும்."

"என்ன?"

"மாதத்துக்கு ஒருக்கால்."

அவ்வளவுதான். கரை தெரிவதற்கு முன்பே போய்விட்டீர்கள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளியூரில் படிக்கிற ஜசிந்தாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எண்ணெய்!

நான் பார்க்கவில்லை. ஒரு வருஷமும் நாலு மாதமும் அந்த மூடியைத் திறக்கவே இல்லை. மறந்துபோய் இல்லை, வீம்புக்குத்தான் திறக்கவில்லை. உங்களுக்குப் பிறகு லொறியை ஓட்டிய நேசனுக்கும் சொல்லவில்லை. ஒழுகினால் ஒழுகட்டும் என்று இருந்தேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நேசன் இப்போது இங்கே இல்லை. பாலைவன நாடொன்றில் லொறி ஓட்டப் போய்விட்டான். "ஸ்ரியறிங் கையை முறிக்குது அக்கா" என்று சொல்லிக்கொண்டு போனான். இந்த வருஷமும் மழை சரியில்லை. மேற்குக் கிணறுகள் திரும்ப உவர்க்கத் தொடங்கிவிட்டன. ஒரு தண்ணீர் வண்டி அனுப்புவதாகப் பெரிய இடத்தில் இருந்து சொல்லியிருக்கிறார்கள். சொல்லி மூன்று மாதம்.

ஆகவேதான் போன கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் அடியில் பார்த்து முடித்துவிட்டு, "அக்கா, இந்த முன்னச்சைக் கழற்றிப்போட்டுப் பழையபடி ஆக்கித் தாறன். றோட்டிலை ஓட லேசாயிருக்கும், விக்கிறதெண்டாலும் ஆக்கள் வாங்குவினம்" என்றார். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. ஓம் என்றேன். அவர் இரண்டு போல்ற்றைக் கழற்றினார். நான் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனேன். தண்ணீர் கொதிக்கும்வரை நின்று யோசித்தேன். பழையபடி ஆக்கினால், பன்னிரண்டு பீப்பாவோடு மணலில் போய் நிற்க வேண்டியதுதான். வெளியே வந்து, "வேண்டாம் தம்பி, திரும்பப் பூட்டும்" என்றேன்.

உங்களுக்காக அப்படிச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

"அப்ப ஆர் ஓட்டிறது?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பனரைக் கையில் எடுத்தார். தோலில் வளையம் வெட்டி வைத்து ஒழுக்கை நிறுத்தினார். நான் எண்ணெய் விட்டேன். என் கையால்.

லைசன்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்பதைக் கோயில் மலர் வாசிக்கிற பொலிஸ்காரருக்கு இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்றைக்குக் காலையில் ஓட்டினேன். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தும் கால் எட்டவில்லை. வளவை விட்டு வெளியே போவதற்குள் மூன்று தரம் எஞ்சின் நின்றது. ஸ்ரியறிங் உண்மையாகவே கையை முறிக்கிறது. பத்து வருஷம் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு முறைகூட நோகுது என்று ஏன் சொல்லவில்லை? பீப்பாக்கள் நிறைந்த பிறகு மணலில் லீவரைத் தள்ளினேன். அது கியரில் விழவில்லை. பக்கத்தில் ஆறேழு பெண்கள் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் அப்பாவின் பெயரையும் சொல்லி, உரத்துப் பேசினேன். இந்த வயதில் அப்படியான வார்த்தைகள் என் வாயில் இருந்து வரும் என்று எனக்கே தெரியாது. கிளச்சைக் கொஞ்சம் விட்டுப் பிடித்துத் திரும்பத் தள்ளினேன். விழுந்தது. நாலு சில்லும் இழுத்தன.

மேற்குப் பக்கத்தில் தண்ணீர் இறக்கி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, லொறியைப் பூவரச மரத்தடியில் நிறுத்தி, குசினிக்குள் போய், "இஞ்சேருங்கோ, நான் ஓட்டிப்போட்டன்" என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

ஒருவரும் "எங்கையேன் இடிச்சீரோ?" என்று கேட்கவில்லை.

இடித்தேன். சங்கக்கடை மதிலில், இடது பக்கம், ஒரு முழ நீளத்துக்கு. அதைச் சொல்லி யாரோடு சண்டை பிடிப்பேன்? அந்த நேரத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

நாளைக்கும் போவேன். மழை விழும்வரை கிழமைக்கு மூன்று நாள் போவேன். மழை விழுந்த அன்றைக்கு லொறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்காக ஒரு முழு நாள் இருந்து அழுவேன். இதுவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கட்டாயம் அழுவேன். இது நான் தருகிற வாக்கு. நான் தந்த வாக்கு நாலு நாளில் முறிவதில்லை.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனைவி
பிலோமினா ரீச்சர்
நெடுந்தீவு